ஊர் மறைந்தது, செபம் மறையவில்லை: ஜெர்மனியின் ஐஃபல் மலைக்காடுகளில்



பணிக்கு அனுப்பப்பட்ட திருத்தூதர்கள் திரும்பி வந்து, தாங்கள் செய்தவை அனைத்தையும் இயேசுவிடம் சொல்கிறார்கள். சுற்றிலும் மக்கள் கூட்டம். உண்பதற்குக்கூட அவர்களுக்கு நேரமில்லை. அந்த வேளையில் ஆண்டவர் அவர்களை அடுத்த ஊருக்கு அனுப்பவில்லை. தனிமையான ஓர் இடத்திற்குச் சென்று சற்று ஓய்வெடுக்க அழைக்கிறார் (மாற்கு 6:30-32). கூட்டம் பெருகும்போது மகிழ்ந்து, குறையும்போது சோர்ந்துபோகும் நமக்கு இந்த அழைப்பு விளங்குவது கடினம்.

படிப்பிற்காகவும் வேலைக்காகவும் ஜெர்மனியில் வாழும் பிள்ளைகளைப் பார்க்க நம் பங்குகளிலிருந்து பெற்றோர் பலர் சென்று வருகின்றனர். பெரும்பாலும் கொலோன் பேராலயத்தைப் பார்த்து, நிழற்படம் எடுத்துக்கொண்டு, கடைவீதியைச் சுற்றிவிட்டுத் திரும்பி விடுகிறார்கள். அதே கொலோனிலிருந்து தென்மேற்கே ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணத்தில், ஆரவாரம் இல்லாத ஒரு மலைக்காடு இருக்கிறது. அதன் பெயர் ஐஃபல். நம்பிக்கை வாழ்வைப் பற்றி நெடுநேரம் சிந்திக்க வைக்கும் இடம் அது.

ஐஃபல் எங்கே உள்ளது?

கிழக்கே ரைன் நதி, தெற்கே மோசல் நதி, மேற்கே பெல்ஜியம், லக்சம்பர்க் நாடுகளின் எல்லை. இவற்றிற்கு இடையே அமைந்த மேட்டு நிலமே ஐஃபல். ஆல்ப்ஸ் போன்ற பனிமலைகளை இங்கே எதிர்பார்க்கக் கூடாது. மிக உயர்ந்த சிகரமான ஹோகே ஆக்ட், 747 மீட்டர் உயரமே உடையது. அலை அலையாகக் குன்றுகள், அவற்றைப் போர்த்திய காடு, நடுநடுவே சிறிய ஊர்கள். ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்குச் செல்லும் வழியில் மனிதரைக் காண்பது அரிது. ஆனால் பாதையோரக் கற்சிலுவைகள் அடிக்கடி கண்ணில் படும். விபத்தில் இறந்தவரை நினைத்து வைத்தவை, நேர்ச்சையாக வைத்தவை, வழிப்போக்கரிடம் ஒரு செபம் வேண்டி வைத்தவை எனப் பலவகை. ட்ரியர், ஆகன், கொலோன் ஆகிய மூன்று மறைமாவட்டங்களும் இந்த மலைநிலத்தில் பங்கு கொண்டுள்ளன.

காடு வந்த கதை

இந்தக் காட்டைப் பார்ப்பவர்கள், படைப்பின் நாள் முதல் இப்படியே இருந்திருக்கும் என்று எண்ணுவார்கள். உண்மை வேறு. இரும்பு உருக்கும் உலைகளுக்குக் கரி வேண்டும் என்று, பல நூற்றாண்டுகளாக இங்கிருந்த மரங்கள் வெட்டப்பட்டன. ஆடுமாடுகள் மேய்ந்து மேய்ந்து மலைகள் மொட்டையாயின. 1815இல் ஐஃபல் பிரஷ்ய அரசின் கைக்கு வந்தபோது, அது வறுமைக்குப் பெயர்போன நிலம். இங்கே பணிக்கு அனுப்பப்பட்ட அதிகாரிகள் இதைப் 'பிரஷ்யாவின் சைபீரியா' என்று அழைத்தார்கள். மண்ணில் விளைச்சல் குறைவு, குளிரோ அதிகம். விளைச்சல் பொய்த்த ஆண்டுகளில் பசி. எத்தனையோ குடும்பங்கள் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறின.

பிரஷ்ய அரசு மொட்டை மலைகளில் ஸ்புரூஸ் என்னும் ஊசியிலை மரங்களை நட்டது. மேய்ச்சல் நிலம் போகிறதே என்று மக்கள் எதிர்த்தார்கள். மரம் விரைவாக வளர்ந்தது, காடு திரும்பியது. ஆனால் ஒரே வகை மரத்தை வரிசையாக நட்ட காட்டிற்குத் தாங்கும் வலிமை குறைவு. 2018 முதல் 2020 வரை நீடித்த வறட்சியிலும், அதைத் தொடர்ந்த பட்டை வண்டுகளின் தாக்குதலிலும் ஜெர்மனி எங்கும் ஸ்புரூஸ் மரங்கள் பெருமளவில் பட்டுப்போயின. ஐஃபலும் தப்பவில்லை. 2004இல் இங்கே தொடங்கப்பட்ட, ஏறத்தாழ 110 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள தேசியப் பூங்காவில், மண்ணுக்கு உரிய பீச் மரக்காடு தானாகவே மீண்டு வர இடம் விடுகிறார்கள். பட்ட மரங்களின் அடியில் இளங்கன்றுகள் தலைகாட்டுகின்றன. திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் 'லவுதாத்தோ சி' மடலில் பொது இல்லமாகிய பூமியைப் பற்றிச் சொன்னவற்றை இங்கே கண்ணால் காணலாம். மனிதன் கெடுத்தது, மனிதன் அவசரமாகச் சரிசெய்தது, பின்னர் பொறுமையாக இயற்கைக்கே விட்டுக்கொடுத்தது ஆகிய மூன்றும் ஒரே மலைச்சரிவில் தெரிகின்றன.

2021 ஜூலை 14, 15 நாள்களில் பெய்த பெருமழையில், ஐஃபலில் பிறந்து ரைனில் கலக்கும் ஆர் என்னும் சிற்றாறு பெருவெள்ளமாகியது. அந்தப் பள்ளத்தாக்கில் மட்டும் 130க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அமைதியான நிலம் என்பதால் துன்பமில்லாத நிலம் என்று எண்ணிவிடக் கூடாது.

ஏரிக்கரையில் ஒரு துறவு மடம்

ஐஃபல் ஒரு காலத்தில் எரிமலை நிலம். ஏறத்தாழ 13,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்த எரிமலையின் பள்ளத்தில் நீர் நிறைந்து லாக் ஏரி உருவானது. இன்றும் கரையோரத்தில் நீருக்கடியிலிருந்து வாயுக் குமிழிகள் எழுவதைக் காணலாம். அந்த ஏரிக்கரையில்தான், 1093இல் நிறுவப்பட்ட மரியா லாக் துறவு மடம் ஆறு கோபுரங்களோடு நிற்கிறது.

இந்த மடத்தின் வரலாறு நேர்கோடு அல்ல. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில், 1802இல், துறவிகள் வெளியேற்றப்பட்டார்கள். 1863இல் இயேசு சபையினர் வந்தார்கள். பிஸ்மார்க் காலத்தில் திருச்சபைக்கு எதிராக இயற்றப்பட்ட சட்டங்களால் அவர்களும் வெளியேற வேண்டியதாயிற்று. 1892இல் புனித ஆசீர்வாதப்பர் சபைத் துறவிகள் வந்து, மீண்டும் செப ஒலி எழுந்தது.

நமக்கும் இந்த மடத்திற்கும் ஒரு தொடர்பு உண்டு. 1913 முதல் 1946 வரை இம்மடத்தின் அதிபராக இருந்தவர் இல்டெஃபோன்ஸ் ஹெர்வேகன். இங்கே வாழ்ந்த துறவி ஓடோ காசல், திருவழிபாட்டின் மறைபொருளைப் பற்றி ஆழமாக எழுதியவர். அந்நாள்களில் திருப்பலி என்றால் குருவானவர் இலத்தீனில் தாழ்ந்த குரலில் செபிப்பார். மக்கள் தனித்தனியே செபமாலை சொல்லிக்கொண்டிருப்பார்கள். 1921இல் மரியா லாக் ஆலயத்தின் நிலவறையில், கூடியிருந்தோரும் சேர்ந்து பதிலுரைக்கும் திருப்பலி நடைபெற்றது. மொழி இலத்தீன்தான், ஆனால் மக்கள் பார்வையாளர்களாக இருக்கவில்லை. திருவழிபாட்டு இயக்கம் எனப்படும் இத்தகைய முயற்சிகள் பல நாடுகளில் வளர்ந்தன. அவை 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டுச் சட்டத்திற்கு வழி திறந்தன. ஞாயிறுதோறும் நம் பங்கு ஆலயத்தில் நாம் தமிழில் பதிலுரைத்துப் பாடுகிறோமே, அதற்குப் பின்னால் இருந்த பல கைகளுள் ஒன்று, இந்தக் காட்டின் ஏரிக்கரையில் சிலராய்க் கூடி வேண்டியவர்களுடையது. கூட்டம் இல்லாத இடத்தில் செய்யப்பட்டது கூட்டங்களுக்கெல்லாம் பயன்பட்டது.

ஊர் இல்லாத இரு ஆலயங்கள்

டௌன் என்னும் சிறு நகருக்கு அருகே, எரிமலைப் பள்ளங்களில் அமைந்த மூன்று வட்ட ஏரிகள் உள்ளன. அவற்றுள் ஒன்றை மக்கள் 'இறந்தோர் ஏரி' என்றே அழைக்கிறார்கள். அதன் கரையில், புனித மார்ட்டின் பெயரால் ஒரு சிறிய வெள்ளை ஆலயம். சுற்றிலும் கல்லறைகள். ஆனால் ஊர் இல்லை.

முன்பு வைன்ஃபெல்ட் என்ற ஊர் அங்கே இருந்தது. 16ஆம் நூற்றாண்டில் கொள்ளைநோய் பரவியபின் அது பாழடைந்தது. எஞ்சியவர்கள் பக்கத்து ஊருக்குச் சென்றார்கள். வீடுகள் மண்ணாயின. ஆலயத்தை மட்டும் மக்கள் கைவிடவில்லை. பக்கத்து ஊரான சால்கன்மேரனின் மக்கள் இன்றும் தங்கள் இறந்தோரை இங்கேயே அடக்கம் செய்கிறார்கள். ஊர் போய் நானூறு ஆண்டுகளுக்கும் மேலாகிறது. அந்த ஊரின் ஆலயத்தில் விளக்கு ஏற்றுவோர் இன்றும் உண்டு.

இரண்டாவது ஆலயம், தேசியப் பூங்காவிற்குள் இருக்கும் வோல்சைஃபன் என்ற ஊரில். இந்த ஊரை அழித்தது நோய் அல்ல. போரில் சிதைந்த வீடுகளை மக்கள் திருத்திக் கட்டிக்கொண்டிருந்த 1946ஆம் ஆண்டு ஆகஸ்டில், அப்பகுதி பிரிட்டிஷ் இராணுவத்தின் பயிற்சிக் களமாகும் என்று அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ 550 பேருக்கு மூன்று வார அவகாசம். அவர்கள் சென்றபின் அந்த வீடுகள் பீரங்கிப் பயிற்சிக்கு இலக்காயின. 1950 முதல் 2005 முடியும் வரை பெல்ஜிய இராணுவம் அந்தக் களத்தைப் பயன்படுத்தியது. 2006இல்தான் பொதுமக்கள் சுதந்திரமாகச் செல்ல முடிந்தது. இன்று அங்கே நிற்பது புனித ரோக்கு ஆலயத்தின் சுவர்களும் வேறு சில கட்டடங்களும் மட்டுமே. அந்த ஊரில் பிறந்தவர்களும் அவர்களின் பிள்ளைகளும் நண்பர்களும் முயன்று, ஆலயத்தை மேலும் இடியாமல் காத்தார்கள். வீடுகளை இழந்தபின்னும் ஆலயத்தை அவர்கள் மறக்கவில்லை என்பது நம் மனத்தைத் தொடுகிறது.

தனிமை எல்லாம் புனிதம் அல்ல

வோல்சைஃபனுக்கு அருகிலேயே, ஏரியை நோக்கிய மலைச்சரிவில், பெரும் கற்கட்டடங்கள் தெரியும். அதன் பெயர் ஃபோகல்சாங். 1936இல் திறக்கப்பட்ட இந்த வளாகத்தில், நாசிக் கட்சியின் வருங்காலத் தலைவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். இனவெறியைப் பாடமாகப் படித்த இளைஞர்கள் பின்னர் கைப்பற்றப்பட்ட நாடுகளில் அதிகாரிகளாகி, கொடிய குற்றங்களில் பங்கேற்றார்கள். இன்று அங்கே அந்த வரலாற்றை மறைக்காமல் எடுத்துரைக்கும் கண்காட்சி உள்ளது.

அதே காடு, அதே அமைதி, அதே இயற்கை அழகு. துறவிகள் அங்கே இறைவனைத் தேடினார்கள். இவர்கள் தங்களையே இறைவனாக்கினார்கள். 1933இல் மரியா லாக் மடத்திலேயே புதிய ஆட்சியை நம்பி வரவேற்ற குரல்கள் எழுந்தன என்பதையும் வருத்தத்தோடு சொல்ல வேண்டும். அதே ஆண்டில்தான், கொலோன் மேயர் பதவியிலிருந்து நாசிகளால் நீக்கப்பட்ட கொன்ராட் அடேனவருக்கு அந்த மடம் அடைக்கலமும் தந்தது. 1949இல் அவர் மேற்கு ஜெர்மனியின் முதல் பிரதமரானார். எனவே, அமைதியான இடத்திற்குப் போய்விட்டால் தானாகப் புனிதராகிவிடுவோம் என்று எண்ண வேண்டாம். ஆண்டவர் பாலைநிலத்தில் நாற்பது நாள் இருந்தபோது அங்கே சோதிப்பவனும் இருந்தான் (மத்தேயு 4:1-11). தனிமையில் யாருடைய குரலைக் கேட்கிறோம் என்பதே கேள்வி.

மூடப்பட்ட கதவுகள்

ஐஃபலுக்குச் செல்லும் கத்தோலிக்கர் கண்டு கலங்கும் காட்சி ஒன்று உண்டு. 1134இல் புனித பெர்நார்து நிறுவிய ஹிம்மெரோட் மடம், 2017இல் சிஸ்டர்சியன் துறவிகளின் இல்லமாக இருப்பதை நிறுத்திக்கொண்டது. ஹைம்பாக் ஊருக்கு மேலே காட்டுக்குள் இருந்த மரியாவால்ட் மடம் 2018இல் மூடப்பட்டது. ஜெர்மனியில் இருந்த ஒரே திராப்பிஸ்ட் ஆண் துறவு மடம் அது.

மரியாவால்ட் என்றால் மரியாவின் காடு என்று பொருள். 15ஆம் நூற்றாண்டில், கூரை வேயும் ஏழைத் தொழிலாளி ஒருவர், கொலோனில் கண்ட வியாகுல அன்னையின் சுரூபம் மனத்தை விட்டு அகலாததால், அதை வாங்கி வந்து இந்தக் காட்டில் வைத்தார் என்பது மரபு. மக்கள் வரத் தொடங்கினார்கள், சிற்றாலயம் எழுந்தது, 1486இல் துறவிகள் வந்தார்கள். பிரெஞ்சுப் புரட்சியின் அலையில் மடம் கலைக்கப்பட்டபின், 1804இல் அந்தச் சுரூபம் ஹைம்பாக் ஊரின் ஆலயத்திற்குக் கொண்டுவரப்பட்டது. மடம் பலமுறை மூடித் திறந்து, மீண்டும் மூடப்பட்டுவிட்டது. மகனின் உடலை மடியில் தாங்கிய அன்னை ஹைம்பாக்கில் இன்னும் அமர்ந்திருக்கிறார். திருப்பயணிகளும் வருகிறார்கள்.

இதைச் சொல்லி ஆறுதல் தேடிவிட்டுக் கடந்துபோக முடியாது. 2022ஆம் ஆண்டில் மட்டும் ஜெர்மனியில் 5 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் கத்தோலிக்கத் திருச்சபையிலிருந்து அதிகாரப்பூர்வமாக விலகினார்கள். சிறார்களுக்கு இழைக்கப்பட்ட கொடுமைகளும், அவற்றை மறைத்த பாவமும் பலருடைய நம்பிக்கையை உடைத்தன. அழைத்தல்கள் குறைந்தன. இப்போது இந்தியாவிலிருந்து சென்ற அருள்பணியாளர்களும் அருள்சகோதரிகளும் ஜெர்மானியப் பங்குகளில் பணியாற்றுகிறார்கள். ஒரு காலத்தில் நற்செய்தியைச் சுமந்து நம்மிடம் வந்தவர்களின் நாட்டிற்கு நம் பிள்ளைகள் செல்கிறார்கள். இதில் நாம் பெருமை கொள்வதற்கு முன், நம் வீட்டுக் கதவையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

வயல் நடுவே ஒரு சிற்றாலயம்

இந்த மடங்கள் மூடப்படுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், அதே ஐஃபலில், ஒரு புதிய சிற்றாலயமும் எழுந்தது. மெக்கர்னிக் நகரைச் சேர்ந்த வாக்கன்டார்ஃப் என்ற சிற்றூரின் வயல்வெளியில், விவசாயத் தம்பதியர் ஒருவர், தங்கள் வாழ்வுக்கு இறைவனுக்கு நன்றி சொல்ல ஒரு சிற்றாலயம் கட்ட விரும்பினார்கள். சுவிட்சர்லாந்தின் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் பீட்டர் சும்தோர் வடிவம் தந்தார். சகோதரர் கிளவுஸ் என்று அன்போடு அழைக்கப்படும் ஃபிளூவே ஊரின் புனித நிக்கொலாசுக்கு (1417-1487) அது அர்ப்பணிக்கப்பட்டது. பத்துப் பிள்ளைகளின் தந்தையான அவர், மனைவியின் சம்மதத்தோடு வனத்துறவியாகி, நாடு பிளவுபடும் வேளையில் சமாதானம் செய்துவைத்தவர். இவருடைய தனிமை இவரை மக்களிடமிருந்து பிரிக்கவில்லை.

சிற்றாலயம் கட்டப்பட்ட விதமே ஒரு மறையுரை. 112 மரத்தண்டுகளைக் கூடாரம் போல் சாய்த்து நிறுத்தினார்கள். அவற்றைச் சுற்றி, நாளுக்கு அரை மீட்டராக, 24 நாள்களில் 12 மீட்டர் உயரத்திற்குக் கான்கிரீட் இட்டார்கள். நண்பர்களும் அக்கம்பக்கத்தாரும் கைகொடுத்தார்கள். பின்னர் உள்ளே நெருப்பு மூட்டி, சுமார் மூன்று வாரம் புகைய விட்டார்கள். மரங்கள் கருகி நீங்கின; அவற்றின் தடம் சுவரில் நின்றது. 2007 மே மாதம் அர்ச்சிக்கப்பட்டது.

உள்ளே மின்விளக்கு இல்லை. மேலே கண்ணின் வடிவில் ஒரு திறப்பு. அதன் வழியே ஒளியும் வருகிறது, மழையும் வருகிறது. ஒரு சில பேருக்கு மேல் அமர இடமில்லை. அருகில் வரை வாகனம் செல்லாது. வயல் நடுவே நடந்துதான் போக வேண்டும். கருகிய சுவர்களுக்குள் நின்று மேலே பார்ப்பவருக்கு, கோதுமை மணி மண்ணில் விழுந்து மடிவதைப் பற்றி ஆண்டவர் சொன்னது (யோவான் 12:24) நினைவுக்கு வரும். மரங்கள் எரிந்து போனதால்தான் செபிக்க இடம் கிடைத்தது.

நடந்து செல்லும் திருப்பயணிகள்

ஐஃபல் வழியாக ஆண்டுதோறும் புனித மத்தியா பக்த சபையினர் கால்நடையாக ட்ரியர் நகருக்குச் செல்கிறார்கள். ஆல்ப்ஸ் மலைக்கு வடக்கே திருத்தூதர் ஒருவரின் கல்லறையாக வணங்கப்படுவது அங்குள்ள புனித மத்தியாவின் கல்லறை ஒன்றே. வடக்கே ரைன் சமவெளியிலிருந்து புறப்படுவோர் பல நாள்கள் மலையேறி இறங்கி நடப்பார்கள். கொப்பளித்த கால்களோடு நம் திருத்தலங்களுக்கு நடந்து செல்வோருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. யூதாசின் வெற்றிடத்தை நிரப்பத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் மத்தியா (திருத்தூதர் பணிகள் 1:15-26). ஒருவர் விட்டுச்சென்ற இடத்தில் அமைதியாக வந்து நின்றவரின் கல்லறைக்கு, ஆள் குறைந்த நிலத்தின் வழியே நடப்பது பொருத்தம்தான்.

செல்வோர் கவனத்திற்கு

சிற்றூர்களுக்குப் பேருந்துகள் குறைவு. ஞாயிறன்று இன்னும் குறையும். ஞாயிறு கடைகளும் மூடியிருக்கும். உணவும் தண்ணீரும் கையில் இருக்கட்டும். கோடையிலும் மாலையில் குளிரும். ஏப்ரலில் சில பள்ளத்தாக்குகளில் காட்டு டாஃபடில் மலர்கள் மஞ்சளாய் விரியும். அக்டோபரில் பீச் இலைகள் செம்பொன் நிறமாகும். சிற்றாலயங்களின் திறப்பு நேரத்தையும், மரியா லாக் மடத்தின் திருப்புகழ்மாலை நேரத்தையும் முன்னரே பார்த்துக்கொள்வது நல்லது. ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்க்க முயல வேண்டாம். ஓர் இரவு தங்க முடிந்தால் வானத்தைப் பாருங்கள். நகர வெளிச்சம் குறைவாக எட்டுவதால், இருண்ட வானப் பூங்கா என்ற சர்வதேச அங்கீகாரம் இந்தத் தேசியப் பூங்காவிற்கு உண்டு. விண்மீன்களைப் பார்த்து, மனிதன் யார் என்று வியந்த திருப்பாடல் ஆசிரியரின் கேள்வி (திருப்பாடல் 8) அங்கே நம் கேள்வியாகிவிடும்.

நமக்கு என்ன சொல்கிறது?

நம் பங்குகளிலும் பிள்ளைகள் நகரத்திற்கும் வெளிநாட்டிற்கும் போய்விட்ட கிளைக்கிராமங்கள் உண்டு. திருவிழாவிற்கு மட்டும் நிறைந்து, மற்ற நாள்களில் நான்கு முதியவர்கள் செபமாலை சொல்லும் சிற்றாலயங்கள் உண்டு. 'இத்தனை பேருக்காக ஒரு கோயிலா?' என்று நாமே கேட்டிருப்போம். கொடிமரத்தின் உயரத்தையும் திருவிழாக் கூட்டத்தையும் வைத்தே ஒரு பங்கை அளந்து பழகிவிட்டோம்.

வைன்ஃபெல்ட் நமக்குச் சொல்வது: ஊரே போனாலும் சிலர் விளக்கு ஏற்றினால் போதும். ஃபோகல்சாங் எச்சரிக்கிறது: பெரும் கட்டடமும் ஒழுங்கான அணிவகுப்பும் இறைவன் அங்கே இருப்பதற்குச் சான்று அல்ல. மரியாவால்ட் சொல்வது கசப்பானது: நம் இல்லங்களும் ஒருநாள் மூடப்படலாம், நிலைத்திருப்போம் என்ற உறுதி கட்டடத்திற்குக் கொடுக்கப்படவில்லை. வாக்கன்டார்ஃப் வயலோ, நன்றியுள்ள இரண்டு உள்ளங்கள் இருந்தால் இறைவன் தொடங்குவார் என்கிறது. இரண்டு மூன்று பேர் தம் பெயரால் கூடும் இடத்தில் தாம் இருப்பதாக ஆண்டவர் வாக்களித்திருக்கிறார் (மத்தேயு 18:20). அவர் குறைந்த அளவு எண்ணிக்கையைத்தான் சொன்னார். அதிக அளவைச் சொல்லவில்லை.

இந்த வாரம் சிந்திக்க: நம் பங்கில் யாரும் எட்டிப் பார்க்காத சிற்றாலயம் எது? அங்கே விளக்கு ஏற்றுபவர் யார்? அவரோடு சேர்ந்து ஒரு செபமாலை சொல்ல நமக்கு ஒரு மாலைப்பொழுது கிடைக்குமா?

செபிப்போம்: இறைவா, கூட்டத்திலும் தனிமையிலும் உமது குரலை மட்டும் அறிந்துகொள்ள எங்களுக்குக் கற்றுத்தாரும். பலர் விட்டுச்சென்ற இடங்களில் விளக்கு அணையாமல் காக்கும் எளியோரை ஆசீர்வதியும். எங்கள் நம்பிக்கை எண்ணிக்கையில் அல்ல, உம்மில் வேரூன்றி இருப்பதாக. ஆமென்.